சந்தனம் வைத்த சர்வர்

2008ஆம் ஆண்டில் ரம்ஜானுக்கும் ஆயுத பூசைக்கும் நடுவே ஒரு வாரம்கூட இடைவெளி இல்லை. எங்கள் பகுதியில் நடப்பவற்றைத் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்தத் தெருவுக்கு எப்போது தார் போட்டார்கள், முடிச்சூர்ப் பக்கம் எந்த வயலில் முதலில் மனைக்கல் நட்டார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கிறேன். யாரும் இதுவரை என்னிடம் வந்து கேட்டதில்லை. அந்த அக்டோபரைப் பற்றியும் யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவின் கோடியில், மளிகைக்கடைக்கு மேல் மாடியில், ஒரு எம்ப்ராய்டரி யூனிட் இருந்தது. முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். எந்திரம் ஓட்டுபவர்கள், நூல் வெட்டும் பெண்கள் எல்லோரும் பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள். ரம்ஜான் வரைக்கும் துப்பட்டாவும் புர்கா பார்டரும் மலை மாதிரி குவியும். அது முடிந்த களைப்பில் ஆயுத பூசை வரும். பூசைக்குப் பொரியும் பொட்டுக்கடலையும் பாயே வாங்கிவந்து கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் நின்றுகொள்வார். பூசணிக்காயை மட்டும் ரோட்டில் உடைக்க விடமாட்டார். வண்டிக்காரன் யாராவது வழுக்கி விழுந்தால் திட்டு தனக்குத்தான் வரும் என்பார்.

அங்கே டிசைன் செய்பவர் ஒரு அக்கா. பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் வீடு. நூல் வெட்டத்தான் வேலைக்குச் சேர்ந்தார். முன்பு டிசைன் செய்துகொண்டிருந்தவர் திருப்பூருக்குப் போனபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்ட இவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வேலையைப் பஞ்சிங் என்பார்கள். கணினித் திரையில் ஒரு மாங்காயையோ மயிலையோ வரைந்து, ஊசி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகவேண்டும், தையல் எவ்வளவு நீளம், எந்த நிறம் முதலில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஏழெட்டு வருடங்களாக அந்த யூனிட்டில் தைத்த எல்லாமே அக்காவின் கையால் வந்தவை.

டிசைன்களுக்கு அவர் பெயர் வைக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். மயில், கொடி என்றெல்லாம் வைக்கமாட்டார். அன்றைக்கு என்ன நடந்ததோ அதுதான் பெயர். ரேஷன் கடை வரிசையில் நின்று தாமதமாக வந்த நாளில் செய்த கொடிக்குப் பெயர் ‘ரேஷன்’. மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ‘ஜுரம்’, அப்புறம் ‘ஜுரம் ரெண்டு’. ‘பஸ் போச்சு’ என்று ஒரு அழகான மணப்பெண் ரவிக்கைக் கை டிசைன் இருந்தது. அதையெல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்து வைப்பார். வாடிக்கையாளர் பழைய துணியைக் கொண்டுவந்து காட்டினால் அந்த நாளை நினைவுபடுத்திக்கொண்டு நேராக எடுத்துவிடுவார்.

இந்த டிசைன்கள் எல்லாம் பாயின் அறையில் இருந்த சர்வர் என்ற பழைய பொதுக் கணினியில் இருந்தன. டிசைன் மென்பொருள் தன் சொந்த முறையில் அவற்றைச் சேமித்து வைத்திருந்தது. வேறு எதிலும் திறக்காது. அதைத் திறப்பதற்கு லாக் என்று ஒன்று வேண்டும். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு, சர்வரின் முதுகில் பழைய பிரிண்டர் செருகுமிடத்தில் திருகி வைத்திருக்கும். திருட்டு நகல் போடாமல் இருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அக்கா தன் கணினியில் மென்பொருளைத் திறந்தால் அது சர்வரிடம் போய் லாக் இருக்கிறதா என்று கேட்கும். இருக்கிறது என்றால்தான் கதவு திறக்கும்.

பாய் அந்த ஆண்டு முடிச்சூரில் இரண்டாவது யூனிட்டுக்கு இடம் பிடித்திருந்தார். புது எந்திரங்கள் தீபாவளி முடிந்ததும் வரவேண்டும். அந்த யூனிட்டைப் பார்த்துக்கொள்ளப்போவது அக்காதான் என்று ரம்ஜான் பிரியாணி பரிமாறும்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அக்காவின் டிசைன்களை அங்கே ஓட்டுவது, அக்காவே பொறுப்பு, லாபத்தில் ஒரு பங்கு. அக்கா மறுநாள் வந்து, முடிச்சூருக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

ஆயுத பூசை அந்த ஆண்டு புதன்கிழமை. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் என் வேலை கிண்டி அலுவலகத்தில் என்பதால் நான் பூசைக்குப் போகவில்லை. நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லா எந்திரங்களையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். பூசை போட்ட கருவியை மறுநாள் வரை தொடக்கூடாது, அதற்கும் ஓய்வு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். சர்வரை மட்டும் இதற்கு முன் யாரும் நிறுத்தியதில்லை. உள்ளறையில் யூபிஎஸ்ஸோடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடிய எந்திரம். அக்காதான் கேட்டிருக்கிறார்.

“நாம ஞாயித்துக்கெழமையாவது வூட்ல உக்கார்றோம். இது என்னிக்காவது உக்காந்துருக்கா? இதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் குடுங்க பாய்.”

பாய்க்கும் அது நியாயமாகவே பட்டிருக்கிறது. முறைப்படி அணைத்திருக்கிறார்கள். அக்கா அதன் நெற்றியில், அதாவது பொத்தானுக்கு மேலே, மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார்.

மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. இடைவிடாமல் சுழலும் பழைய டிஸ்க்குகள் ஓடும்வரை ஓடும். ஒரு முறை நின்று குளிர்ந்துவிட்டால் திரும்பச் சுழலாமல் போவது உண்டு. இதைத் தெரிந்தவர்கள் அன்று அங்கே யாரும் இல்லை. சானடோரியம் பக்கத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் கரண்ட் பிரச்சினை என்று முடிவுகட்டி, தன்னிடமிருந்த ஒரு பழைய பவர் சப்ளையை மாற்றிப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அதற்குப் பிறகு விசிறிகூடச் சுற்றவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது பாய் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது பெரிய பயம் ஏதும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் பாய் கேட்டுக்கொண்டபடி, ஞாயிறுதோறும் முழு சர்வரையும் அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுக்கும்படி அமைத்துக் கொடுத்திருந்தேன். கடைசி நகல் பூசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையுடையது; நன்றாகவும் இருந்தது. ஒரே சிக்கல், அதை வைக்க உடல் இல்லை. அதே மாதிரி சர்வர் இப்போது கிடைக்காது. புதுக் கணினிகளில் அந்தப் பழைய விண்டோஸ் ஓடாது. மென்பொருளின் சிடி பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. விற்ற டீலர் கடையைக் காலிசெய்து வருடங்களாகின்றன. ஆக ஒரே வழி வெர்ச்சுவல் மெஷின். ஒரு புதுக் கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியைப் பாவனையாக உண்டாக்கி, அதற்குள் பழைய சர்வரை எழுப்புவது. என் அலுவலகத்தில் அப்போதுதான் அதைச் செய்யத் தொடங்கியிருந்தோம்.

சனிக்கிழமை பாய் ஒரு புதுக் கணினி வாங்கிவந்தார். அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். செத்துப்போனவர் இன்னொருவர் மேல் வந்து பேசுவது மாதிரியா என்றார். ஏறக்குறைய என்றேன். எதிர்ப்புறம் எந்திரம் துடைத்துக்கொண்டிருந்தவர், அப்படியென்றால் முதலில் வேப்பிலை எடுத்துவரவேண்டும் என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேலை முழுவதிலும் அந்த அறையில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த மாதங்களில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. சொன்ன நேரத்திலும் போகும், சொல்லாத நேரத்திலும் போகும். நகலைப் புதுக் கணினிக்குள் இறக்கப் பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சனிக்கிழமை முழுக்க அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் இறங்கிவிட்டது. எழுப்பினேன். விண்டோஸின் சின்னம் வந்து பாதியில் திரை நீலமாகி நின்றது. வெள்ளை எழுத்தில் சில வரிகள்.

“நீலமா வருதே சார். நல்லதா, கெட்டதா?” என்றார் அக்கா.

அந்த விண்டோஸ் தன் பழைய உடலில் டிஸ்க்கோடு பேசக் கற்றுக்கொண்ட முறை ஒன்று. புது உடலில் அந்த உறுப்பே இல்லை. எழுந்த வேகத்தில் தன் டிஸ்க்கைத் தேடுகிறது. கிடைக்கவில்லை என்றதும் நின்றுவிடுகிறது. தான் இருக்கும் இடமே அந்த டிஸ்க்தான் என்பது அதற்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய, தூங்கும் நகலுக்குள், புது உறுப்போடு பேசவைக்கும் டிரைவர் என்ற சிறு நிரலை வெளியிலிருந்து செருகவேண்டும். அது எப்படி என்று அந்த வாரம் முழுவதும் அலுவலக இடைவேளைகளில் தேடிப் படித்தேன். இணையத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பலபேர் கடைசியில், எனக்கு வரவில்லை, யாருக்காவது வந்தால் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த வாரம் யூனிட்டில் எந்திரங்கள் பாதிதான் ஓடின. எந்திரத்துக்கு டிசைனைக் கொண்டுபோக அக்கா ஃப்ளாப்பி பயன்படுத்துவார். இருக்கிற சில ஃப்ளாப்பிகளையே அழித்து அழித்து எழுதுவார். அவற்றில் கடைசியாக ஓடியவை மட்டும் மிச்சம் இருந்தன. அவற்றை அப்படியே தைக்கலாம். பெரிதாக்கவோ, ஒரு இலையைக் கழற்றவோ முடியாது. வந்த ஆர்டர்களில் பலவற்றைப் பாய் வேறு யூனிட்டுக்குத் திருப்பிவிட்டார். படிக்கட்டில் ஒரு நாள் என்னை நிறுத்தினார்.

“எனக்கு அந்தம்மாவ விட மனசில்ல தம்பி. ஆனா முடிச்சூர்ல மெஷின் வந்து எறங்கிட்டா அதுக்குத் தீனி போடணும். டிசைன் இருந்தா அந்தம்மா. இல்லன்னா நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.”

எந்திரம் விற்பவர்கள் சூரத்திலிருந்து வரும் டிசைன் சிடிகளை இலவசமாகத் தருகிறார்கள், அதை ஓட்ட ஒரு ஆபரேட்டர் போதும் என்று அவரே தொடர்ந்து சொன்னார். புது மென்பொருள் வாங்க அந்த ஆண்டு அவருக்கு வழியில்லை. எந்திரங்களுக்கே வங்கியில் கையெழுத்துப் போட்டிருந்தார். தீபாவளிக்குள் ஒரு முடிவு தெரிந்தால் நல்லது என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவரைச் செருகிய நகல் நீலத் திரையைத் தாண்டியது. சின்னம் வந்தது, நின்றது, நகர்ந்தது. பிறகு புதுக் கணினியின் திரைக்குள் ஒரு சின்னச் சதுரத்தில் பழைய சர்வரின் முகப்பு வந்தது. பின்னணியில், அக்கா எப்போதோ போட்டுவைத்த, மகள் பள்ளிச் சீருடையில் நிற்கும் படம். அக்கா கைகூப்பினார். நூல் வெட்டும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். டிசைன் கோப்புறையைத் திறந்தேன். அத்தனையும் இருந்தன. ரேஷன், ஜுரம், ஜுரம் ரெண்டு, பஸ் போச்சு. ஒவ்வொன்றுக்கும் நேராகச் செய்த தேதி. அக்கா ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனார். இது முடிக்கும்போது மாமியார் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள், இது அந்தப் பெருமழை நாளில் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு மென்பொருளைத் திறந்தேன். லாக் இல்லை என்றது.

அது எதிர்பார்த்ததுதான். பழைய சர்வரின் முதுகிலிருந்து லாக்கைத் திருகிக் கழற்றினேன். அதைச் செருகப் புதுக் கணினியிலும் இடம் இல்லை, அக்காவின் கணினியிலும் இல்லை. அந்த வகைத் துளையை அப்போது வரும் கணினிகளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ரிச்சி தெருவில் வாங்கிய மாற்றுக் கம்பி பிரிண்டரை ஏற்றுக்கொண்டது, லாக்கை ஏற்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு கடையில் அந்தத் துளையுள்ள பழைய கணினி இருந்தது. அதைக் கெஞ்சிக் கேட்டு, பாயின் ஸ்கூட்டர் பின்னால் வைத்துக் கட்டி, ரயில்வே கேட்டில் காத்திருந்து கொண்டுவந்தோம். அதற்குள் வெர்ச்சுவல் மெஷினை ஓட்டியபோது சுட்டியை நகர்த்தினால் அம்பு சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஆனால் ஓடியது. லாக்கைச் செருகினேன். மென்பொருளைத் திறந்தேன். லாக் இல்லை என்றது.

பல விதமாகச் செய்துபார்த்தேன். கடைசியில் லாக்கின் பிளாஸ்டிக் உறையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பிரித்தேன். உள்ளே அரிசி அளவில் ஒரு சில்லு. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் பழுப்பு. மெக்கானிக் பவர் சப்ளையை மாற்றிப் போட்ட அன்று வந்த புகையோடு இதுவும் போயிருக்கிறது. அதை உள்ளங்கையில் வைத்து அக்காவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மென்பொருளைத் தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு அன்றே மின்னஞ்சல் எழுதினேன். லாக்கின் மேல் பொறித்திருந்த எண்ணைக் கொடுத்து, எரிந்துபோனதைப் படம் எடுத்து இணைத்து, மாற்று லாக் தரமுடியுமா, இல்லையென்றால் இந்தக் கோப்புகளை மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். பதில் வரும்வரை அக்கா தினமும் காலையில் வந்து முதலில் அந்தச் சதுரத்தைத் திறந்து பெயர்களைப் பார்ப்பாராம். திறக்காது என்று தெரிந்தும் ஒன்றிரண்டை இரண்டு முறை தட்டிப் பார்ப்பாராம். அந்த நாட்களில் ஒரு முறை என்னிடம், “நான் சொல்லித்தானே அணைச்சாங்க?” என்று கேட்டார். அந்த டிஸ்க் எப்படியும் சில மாதங்களில் போயிருக்கும் என்றேன். அது உண்மைதான். அக்கா நம்பியதாகத் தெரியவில்லை.

தீபாவளி திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மரியாதையான, சுருக்கமான கடிதம். அந்த எண்ணில் தங்களுடைய லாக் எதையும் இந்தியாவில் விற்கவில்லை. படத்தில் இருப்பது தங்கள் தயாரிப்பும் அல்ல. நகல் லாக்கில் செய்த கோப்புகளுக்கு உதவ இயலாது. பாய் அதை என்னை இரண்டு முறை தமிழில் சொல்லச் சொன்னார். பில் போட்டு, டீலர் கையெழுத்தோடு வாங்கியது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த டீலர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பாய் என்னைப் பார்த்துச் சொன்னார், ஆனால் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை: “இத்தன வருஷமா திருட்டுப் பொருளையா வெச்சு ஓட்டுனேன்?”

அக்கா அப்போது உள்ளே வந்தார். முகங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திரையில் பெயர்கள் அப்படியே இருந்தன. நின்றபடியே அவற்றை விரலால் காட்டினார்.

“வண்டலூர் ஜூ மாரி கீது சார். பாத்துக்கலாம். தொடக்கூடாது.”

யாரும் சிரிக்கவில்லை. பாய் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டார்.

தீபாவளிக்குப் பிறகு முடிச்சூரில் எந்திரங்கள் வந்து இறங்கின. கூடவே சூரத் சிடிகள் வந்தன, அவற்றை ஓட்ட ஒரு ஆபரேட்டரும் வந்தார். பாய் அக்காவை அங்கே மேற்பார்வைக்கு வரச்சொன்னார். பங்கு என்ற பேச்சு அதில் இல்லை, அக்காவும் கேட்கவில்லை. நூல் வெட்டும் பெண்களிடம் போய் மறுபடி உட்காருவதற்கு இது பரவாயில்லை என்று சில வாரங்கள் போய்வந்தார். நவம்பர் கடைசியில் கொட்டிய மழையில் முடிச்சூர் சாலை முழங்கால் தண்ணீராகி, பஸ் நின்றுவிட்ட நாளோடு அதுவும் நின்றது. பொங்கலுக்குப் பிறகு சானடோரியத்தில் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். சட்டைகளில் மீந்திருக்கும் நூலை வெட்டி, பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. அங்கே கணினி கிடையாது.

அந்த வெர்ச்சுவல் மெஷினின் ஒரு நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுப்பினால் எழுந்துவிடும். சீருடையில் அந்தப் பெண் நிற்பாள். கோப்புறையைத் திறந்தால் பெயரும் தேதியும் வரிசையாக வரும். ஏழெட்டு வருடங்களில் எந்த நாளில் மழை, எந்த நாளில் காய்ச்சல், எந்த நாளில் கரண்ட் இல்லை என்பதை அதிலிருந்து என்னால் சொல்லிவிட முடியும். தேதி இருந்தால் போதும் என்று நெடுநாள் நம்பியவன் நான். அந்த ‘பஸ் போச்சு’ ரவிக்கைக் கையில் இலைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்பது இப்போது எனக்கு நினைவில்லை.

அடுத்த வருட ஆயுத பூசைக்குப் பாய் என்னை அழைத்திருந்தார். போனேன். பொரி, கடலை, ஒரு பெரிய பூசணிக்காய். பழைய சர்வர் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நூல் கோன்களோடு கிடந்தது. நெற்றியில் சந்தனம் காய்ந்து பெயர்ந்திருந்தது. மேலே எந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பொட்டு வைத்தார்கள். புதுக் கணினியின் முன் வந்ததும், பூசை செய்தவர் அதை அணைக்கலாமா என்று பாயைப் பார்த்தார். பாய் படியில் நின்றபடியே கையை அசைத்தார்.

“அது ஓடட்டும்பா.”

அப்படியே பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.